நாய் வளர்ப்பில் அடியும் அன்பும்

மனிதன் முதன்முதலில் நட்புக் கொண்ட விலங்கு நாய். ஆடும் மாடும் குதிரையும் அவன் தொழுவத்திற்கு வருமுன்னரே நாய் அவன் அடுப்பங்கரையில் இடம்பிடித்துவிட்டது. அவனோடு வேட்டைக்குச் சென்றது. அவன் உறங்கியபோது விழித்திருந்தது. இத்துணை நெருங்கிய தோழமை கொண்ட உயிரை மனிதன் எவ்வாறு நடத்தினான், அதன் பிழைகளை எவ்வாறு திருத்த முயன்றான் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. மன்னர்களின் போர்களை எழுதும் வரலாறு இதனைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன்னினும் எளிய உயிரிடத்துக் கைக்கொள்ளும் முறை, அச்சமுதாயத்தின் உள்ளத்தைக் காட்டும் கண்ணாடியாகும்.

தமிழர் வரலாற்றில் நாய்க்குத் தனியிடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எழுப்பப்பட்ட அக்கல்லில், மாடுகளைக் காக்கும் போரில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. பெயர் சொல்லி நாய்க்குக் கல் நட்ட மரபு அது. நாலடியாரோ, தன்னை வேலால் எறிந்த தலைவனிடத்தும் அன்பு மாறாத நாயின் இயல்பை நல்ல நட்புக்கு உவமையாக்கியது.

நாயின் பொறுமையைப் புலவர் புகழ்ந்தனர். ஆனால் அந்தப் பொறுமையே பிற்காலத்தில் அதற்குத் தீங்காய் முடிந்தது. அடித்த கையையும் நக்குகிறது என்பதால், அடி அதற்கு உறைக்கவில்லை என்று மனிதன் எண்ணிக்கொண்டான். அடித்தால் அடங்கும், அடங்கினால் திருந்திவிட்டது என்னும் நம்பிக்கை வேரூன்றியது. இந்நம்பிக்கை எவ்வாறு ஒரு கலையாகவே வளர்க்கப்பட்டது, பின்னர் எவ்வாறு ஆட்டங் கண்டது, பினாங்குத் தீவின் வாழ்வை அது எவ்வாறு தொட்டது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

பினாங்கு வீதியும் நாயும்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய நாள்முதல் ஜார்ஜ்டவுன் பல இனத்தார் தோளோடு தோள் உரசி வாழும் நகராகவே வளர்ந்தது. தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகியோரின் கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அவற்றின் முன்னே, மக்கள் அஞ்சடி என வழங்கும் ஐந்தடி நடைபாதை ஓடுகிறது. இத்தகைய வீதியில் ஒரு வீட்டு நாய் நள்ளிரவில் ஓயாது குரைத்தால் பத்து வீடுகளின் உறக்கம் கெடும். நாயைத் தொடுவதைச் சமய ஒழுக்கத்தின் அடிப்படையில் தவிர்க்கும் முஸ்லிம் அண்டை வீட்டாரும் உண்டு. நாயைக் குடும்ப உறுப்பினராகவே கொள்ளும் வீட்டாரும் உண்டு. எனவே நாயின் நடத்தை, வளர்ப்பவரின் சொந்த விவகாரமாக நின்றுவிடுவதில்லை. அண்டை அயலாரின் உறவையே அது தொட்டுவிடுகிறது.

விழாக் காலங்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் மக்கள் விண்ணரசருக்குப் படையலிடும் வேளையில், வானமே பிளப்பது போன்ற வெடியோசை நகரெங்கும் எழுகிறது. மனிதர்க்கு மகிழ்ச்சி தரும் அவ்வோசை நாய்க்குப் பேரச்சத்தைத் தருகிறது. சில நாய்கள் கட்டிலுக்கடியில் பதுங்கி நடுங்கும். சில கதவைப் பிறாண்டும். வேலியைத் தாண்டி ஓடி வழி தவறிப் போகும். அணைக்க வந்த கையையே கடிக்கும் நாய்களும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் வழங்கிவந்த மருந்து ஒன்றே. அது பிரம்பு. அது கிடைக்காவிடில் சுருட்டிய செய்தித்தாள். அதுவும் பயன்படாவிடில் சங்கிலி. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி வீட்டு நாய்க்கும் சட்டமாயிற்று. தீங்கு செய்யும் எண்ணத்தால் மக்கள் இவ்வாறு செய்தனர் என்று கூறுவதற்கில்லை. வேறு வழி உண்டென்பதை அவர்க்கு எவரும் எடுத்துரைக்கவில்லை என்பதே உண்மை.

படைக்களத்தில் பிறந்த பயிற்சி

நாயைக் கட்டளைக்குப் பணியவைக்கும் கலை, இன்றைய வடிவில், படைமுகாமிலும் காவல் நிலையத்திலும் பிறந்தது. ஜெர்மனியில் காவல்துறை அதிகாரியாக இருந்த கொன்ராட் மோஸ்ட், 1910ஆம் ஆண்டில் நாய்ப் பயிற்சி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். நாயின் செயலுக்கும் அதன் விளைவுக்கும் உள்ள தொடர்பை நுணுக்கமாக ஆராய்ந்த முன்னோடி அவர். வெகுமதியின் பயனையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் கட்டாயமே அவர் முறையின் முதுகெலும்பு. முள் பதித்த கழுத்துப் பட்டையும் பிரம்பும் அதில் இடம்பெற்றன. மனிதன் தலைவன், நாய் ஏவலாள் என்னும் உறவே அம்முறையின் அடித்தளம்.

இரண்டு உலகப் போர்களும் அம்முறையை உலகெங்கும் பரப்பின. 1933ஆம் ஆண்டில், பூடில் இன நாய்களை வளர்த்த எலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அமெரிக்க அம்மையார், தம் நாய்களின் அறிவை உலகிற்குக் காட்ட விரும்பிப் பணிவுத் தேர்வொன்றை நியூயார்க் மாநிலத்தில் நடத்தினார். 1936இல் அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் அத்தேர்வுகளை முறைப்படி ஏற்றது. உட்கார், படு, வா, நில் என்னும் கட்டளைகள் படைமுகாமிலிருந்து வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தன. கட்டளைக்குப் பணிவதே நல்ல நாயின் இலக்கணம் என்னும் கருத்தும் உடன் வந்தது.

மலாயாவும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது மோப்ப நாய்கள் மலாயாக் காடுகளில் பணியாற்றின. பிரிட்டிஷ் விமானப்படைக் காவற்பிரிவைச் சேர்ந்த பாபி, ஜாஸ்பர், லாஸ்ஸி, லக்கி என்னும் நான்கு நாய்கள் 1949 முதல் 1952 வரை ஆற்றிய பணிக்காக, 2007ஆம் ஆண்டில், விலங்குகளுக்குரிய உயரிய வீர விருதாகிய டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. அந்நால்வரில் பணிமுடிவில் உயிரோடு எஞ்சியது லக்கி மட்டுமே.

இத்தகைய நாய்களின் அருஞ்செயலை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். மோப்ப நாய், தன் பிறவிக் குணத்திற்கு ஏற்ற வேலையை, நாள் முழுதும் உடனிருக்கும் ஒரு தோழனோடு செய்தது. கடைவீட்டின் பின்கட்டில் பகலெல்லாம் கட்டுண்டு கிடக்கும் நாய்க்கு வேலையும் இல்லை, தோழனும் இல்லை. அதன் குரைப்புக்கு ஏக்கமே காரணமாக இருக்கலாம். அதற்கு ‘உட்கார்’ என்னும் கட்டளையைக் கற்பித்தால் அது உட்காரும், ஏக்கம் போகாது. பணிவுப் பயிற்சி, ‘நாய் சொன்னதைச் செய்ததா?’ என்று கேட்கிறது. ‘நாய் ஏன் இவ்வாறு செய்கிறது?’ என்று அது கேட்பதில்லை.

ஓநாய்க் கூட்டத்தின் கதை

அடக்கும் முறைக்கு அறிவியல் சான்று போன்ற ஒன்றும் பின்னர்க் கிடைத்தது. ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்காணித்து, 1947ஆம் ஆண்டில் ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். அவை தலைமைக்காக ஓயாது போரிடுகின்றன என்பது அவர் கண்டது. நாய் ஓநாயின் வழிவந்தது. எனவே வீட்டு நாயும் வீட்டின் தலைமையைக் கைப்பற்றக் காத்திருக்கிறது. அதனை மல்லாத்தி அழுத்திப் பிடித்து ‘நானே தலைவன்’ என்று காட்டவேண்டும் என்றெல்லாம் பலர் எழுதலாயினர்.

இக்கருத்தைப் பரப்பிய நூல்களுள் ஒன்று, அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதியது. அவரே பின்னர்க் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில், இயற்கையாக வாழும் ஓநாய்களைப் பல கோடைகள் அருகிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது போர்க்கூட்டமன்று, குடும்பம். தாயும் தந்தையும் முன்செல்ல, அவற்றின் குட்டிகள் பின்தொடர்ந்தன. தொடர்பற்ற ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்ததன் விளைவே முன்னையோர் கண்ட சண்டை. 1999இல் மெக் இதனை விளக்கிக் கட்டுரை எழுதினார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்துமாறு பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே மறுக்கும் நேர்மை அறிஞர்க்கு அழகு. ஆயினும் ‘தலைவன்’ கொள்கை நாய் வளர்ப்போரிடையே இன்றளவும் முற்றாக மறைந்துவிடவில்லை.

ஆய்வுக்கூடம் உணர்த்திய உண்மை

நாயின் உள்ளத்தில் அச்சம் செய்யும் வேலையை வேறு சில ஆய்வுகள் வெளிப்படுத்தின. 1924ஆம் ஆண்டு லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ருஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் நீர் ஏற ஏறத் தத்தளித்து, இறுதி நேரத்தில் மீட்கப்பட்டன. அதன் பின்னர் அவற்றுள் சில, முன்பு நன்கு கற்றிருந்தவற்றையும் மறந்தன. கதவிடுக்கு வழியே சிறிது நீர் கசிந்தாலும் கலங்கித் துடித்தன. கற்றதை நாய் செய்ய மறுப்பது எப்போதும் பிடிவாதமன்று. பேரச்சம் கல்வியையும் அழிக்கும் என்பதற்கு இது சான்று.

அதே 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். சிறுவன் விரும்பிய தின்பண்டத்தை அவன் உண்ணும் வேளையில் முயல் தொலைவில் வைக்கப்பட்டது. அவன் அஞ்சாத அளவறிந்து, நாளுக்கு நாள் சற்றே நெருங்கி வந்தது. முடிவில் அவன் முயலைத் தானே தடவிக்கொடுத்தான். அச்சத்தை அதட்டி விரட்டாமல் இன்பத்தால் கரைக்கலாம் என்பதை இது காட்டியது.

இதற்கு நேர்மாறான பாடத்தை 1967ஆம் ஆண்டு ஆய்வு தந்தது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்னும் இருவர், நாய்கள் தப்ப முடியாதவாறு அவற்றுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தனர். பின்னர்ச் சிறிய தடுப்பொன்றைத் தாண்டினாலே தப்பலாம் என்னும் நிலையில் அவற்றை வைத்தபோது, பெரும்பாலானவை தாண்ட முயலவில்லை. வலியைத் தாங்கியவாறு படுத்துக் கிடந்தன. கொடிய ஆய்வுதான் அது. ஆயினும் அதன் முடிவைப் புறக்கணிக்க முடியாது. அசையாது கிடந்த அந்நாய்களைக் காணும் எவரும் அவற்றை அமைதியான நாய்கள் என்றே கருதக்கூடும். நம்பிக்கை இழந்த உயிரின் அடக்கம், பார்ப்பவர் கண்ணுக்குப் பணிவு போலவே தோன்றும்.

குட்டிப் பருவத்தின் அருமையும் இக்காலத்தில் தெளிவாயிற்று. அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல்லாண்டு ஆய்வு நடத்திய ஸ்காட், ஃபுல்லர் என்போர் 1965இல் வெளியிட்ட நூல், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்றது. அக்காலத்தில் பல மனிதரையும் ஒலிகளையும் இனிமையாகச் சந்திக்காத குட்டி, வளர்ந்தபின் புதியவற்றுக்கு அஞ்சும், அஞ்சுவது கடிக்கும்.

பரிவின் வழி

இவ்வுண்மைகள் ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்கு வரச் சில காலம் பிடித்தது. தண்டனையின்றி, வெகுமதியால் விலங்குக்குக் கற்பிக்கும் முறையை பி.எஃப். ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கான கட்டுரையொன்றில் விளக்கியிருந்தார். 1974இல் டியூபர், ஹாதர்சால், வோய்த் என்னும் மூவர், மனிதரின் உளநோய்க்குப் பயன்படும் மருத்துவ முறைகளை நாய்களுக்கும் கையாளலாம் என்று அமெரிக்க உளவியல் இதழில் எழுதினர். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூல் இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. நீந்தும் டால்பினின் கழுத்தில் சங்கிலி மாட்ட இயலாது. சினம் கொண்டால் அது நீந்திப் போய்விடும். ஆதலால் அதன் விருப்பத்தைப் பெறுவதன்றி வேறு வழி அவர்க்கு இருக்கவில்லை. கால்நடை மருத்துவர் இயன் டன்பார், குட்டிகளுக்கென விளையாட்டு வகுப்புகளை 1980களில் நடத்திக் காட்டினார்.

இம்முறையின் போக்கைப் பினாங்கு வீட்டிலேயே பொருத்திப் பார்க்கலாம். பட்டாசுக்கு அஞ்சும் நாய்க்கு விழா நாளன்று சிகிச்சை தொடங்குவது பயனற்றது. பல வாரங்களுக்கு முன்னரே, பதிவு செய்த வெடியோசையை மிக மெல்லிய அளவில் ஒலிக்கச் செய்யவேண்டும். நாய் காதை நிமிர்த்தினாலும் கலங்காத அளவு அது. ஓசை கேட்டவுடன் அதற்கு மிகவும் பிடித்த இறைச்சித் துண்டு கிடைக்கவேண்டும். நாட்கள் செல்லச் செல்ல ஓசை சிறிது கூடும். நாய் நடுங்கினால் அது நாயின் தோல்வியன்று. அவசரப்பட்டவர் ஒரு படி பின்செல்லவேண்டும் என்பதற்கு அறிகுறி. விழா நாளில் சன்னல் சாத்திய உள்ளறையும், படுக்க ஒரு மூலையும், அருகே ஒரு மனிதரும் போதும். அஞ்சும் நாயைத் தேற்றினால் அச்சம் பெருகும் என்பது பிழையான எண்ணம்.

ஏனைய குறைகளுக்கும் இதுவே நெறி. முதலில் கால்நடை மருத்துவரைக் காணவேண்டும். காதுவலியும் மூட்டுவலியும் உள்ள நாய் தொட்டவுடன் சீறும். அதனை அடிப்பது நோயாளியை அடிப்பதாகும். அடுத்துக் காரணத்தைத் தேடவேண்டும். வேலையின்மையா, தனிமையா, அச்சமா என்று அறியவேண்டும். உறுமும் நாயை அடித்தால் அது உறுமுவதை நிறுத்திவிடும். அடுத்தமுறை எச்சரிக்கையின்றிக் கடிக்கும். உறுமல் என்பது நாய் விடுக்கும் எச்சரிக்கை மணி. மணியை உடைப்பதால் தீ அணைவதில்லை.

பரிவு என்பது இடங்கொடுத்துக் கெடுப்பதன்று. வாரும் வேலியும் தேவை; குழந்தையையும் நாயையும் தனியே விடாத விழிப்பும் தேவை. விரும்பத்தகாததைச் செய்ய வாய்ப்பளிக்காது, விரும்பத்தக்கதைச் செய்யும் கணத்தில் பாராட்டுவதற்குப் பிரம்பெடுப்பதைவிட மிகுந்த பொறுமை வேண்டும். அதன் பயனோ உறுதியானது. 2020ஆம் ஆண்டில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 92 நாய்களை ஆராய்ந்தபோது, தண்டனையால் பழக்கப்பட்ட நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், எச்சிலில் பதற்றத்தைக் காட்டும் சுரப்பின் உயர்வும் காணப்பட்டன. 2021இல் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம், சீறும் நாய்க்கும்கூட வெகுமதி முறையே உரியது என அறிக்கை விடுத்தது.

2ஆயிரத்து 15இன் பாடம்

வீட்டுக்குள் எழுந்த இதே கேள்வி, 2015ஆம் ஆண்டில் பினாங்கு வீதியில் பெரிய வடிவில் எழுந்தது. அவ்வாண்டின் நடுவில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெறிநாய் நோய் தலைகாட்டியது. செப்டம்பரில் பினாங்கிலும் கண்டறியப்பட்டது. லிம் குவான் எங் தலைமையிலான மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல முடிவெடுத்தது. விலங்கு நல இயக்கங்கள் கடுமையாக எதிர்த்தன. தடுப்பூசியே தீர்வு என்று வாதிட்டன. பினாங்கிற்குச் சுற்றுலா செல்லாதீர் என்னும் குரலும் எழுந்தது.

அரசின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வெறிநாய் நோய் முற்றியபின் மருந்தில்லாதது. மக்களின் உயிரைக் காப்பது ஆட்சியின் முதற்கடன். கேள்வி, கொல்லுதல் அக்கடனை நிறைவேற்றுமா என்பதே. 1952இல் கோலாலம்பூரில் இந்நோய் பரவியபோது மலாயாவில் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது, தெருநாய்களும் கொல்லப்பட்டன. நோய் ஒடுங்கியது. பின்னர் 1955இல் தாய்லாந்து எல்லையோரம், நாய்களுக்குத் தடுப்பூசியிட்ட காப்பு வளையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆக, தடுப்பூசியின் ஆற்றலை இந்நாடு முன்னரே கண்டிருந்தது. கொல்லுதல் மட்டும் நோய்ப் பரவலைத் தடுத்ததற்குச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1992இல் கூறியது. நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போடுவதே அந்நிறுவனம் காட்டும் வழி.

இதன் காரணம் நாயின் இயல்பிலேயே உள்ளது. ஒரு வீதியின் நாய்களைக் கொன்றால் அங்குள்ள உணவைத் தேடி வேறு நாய்கள் வரும். தடுப்பூசி பெற்ற நாயும் சேர்ந்தே அழியும். வளர்ப்போர் தம் நாய்களை ஒளித்து வைப்பர். எஞ்சிய நாய்களோ மனிதக் கையைக் கண்டாலே ஓடும். அஞ்சி ஓடும் நாய்க்கு ஊசி போடுவது எளிதன்று. மாறாக, நாள்தோறும் உணவிடும் கையை அறிந்த நாய் தடுப்பூசிக்கும் அகப்படும்.

தமிழகத் தலைநகர் இப்பாதையில் முன்னே சென்றது. சென்னை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, கொல்லுவதற்கு மாற்றாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம் என 1964 முதல் வலியுறுத்தியது. முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1996இல் மாநகராட்சி அதனை ஏற்றது. 2001இல் இந்திய நாடு முழுவதற்கும் அதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. தெருநாய்ச் சிக்கல் அங்கே தீர்ந்துவிடவில்லை, விவாதமும் ஓயவில்லை. ஆயினும் நூறாண்டுக்கு மேல் கொன்றும் தெருநாய்கள் குறையவில்லை என்பதை அந்நகரின் வரலாறே கூறுகிறது.

சட்டமும் உள்ளமும்

மலேசியாவின் சட்டமும் இம்மாற்றத்தைப் பதிவு செய்துள்ளது. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் கொடுமைக்கு உரிய அபராதம் 200 வெள்ளி மட்டுமே. 2013இல் அது 50,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க வகை செய்தது. பினாங்கு வீதிகளில் நாய்கள் கொல்லப்பட்ட அதே ஆண்டில் அச்சட்டம் நிறைவேறியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு சமுதாயம் பழைய அச்சத்தோடும் புதிய அறிவோடும் ஒரே வேளையில் வாழக்கூடும்.

சட்டம் கொடுமையைத் தண்டிக்கும், பரிவைக் கற்பிக்காது. அதனைக் கற்பிக்கவேண்டிய இடம் வீடும் பள்ளியுமே. உறங்கும் நாயைத் தொடாதே, உண்ணும் நாயை நெருங்காதே, அஞ்சிய நாயைத் துரத்தாதே என்னும் மூன்று பாடங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பல கடிகள் குறையும். நாய் செய்யும் பிழையைக் கண்டவுடன் கையை ஓங்குமுன், அது எதைக் கண்டு அஞ்சுகிறது, எதற்கு ஏங்குகிறது என்று பெரியவர் ஒருகணம் எண்ணிப் பார்த்தால் எஞ்சியவையும் குறையும்.

நாய் எதனையும் பொறுத்துக்கொள்ளும் என்பதை நம் முன்னோர் அறிந்து பாடினர். அது பொறுத்துக்கொள்ள வேண்டிய நிலையை உண்டாக்காதிருப்பதே பின்வந்தோர் செய்யத்தக்க கைம்மாறு.